விட்டுப்போன இரண்டு பக்கம்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதக் கடைசியில் தொடங்கிய விஷயம் இது. அப்போது நான் சங்கரன்கோவிலில் ஆறாவது ஃபாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி., படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பாவுக்குப் பருத்தியும் மிளகாயும் விளைகிற புஞ்சை நிலம். படிப்புக்காக நான் டவுனில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன். வகுப்பில் நாற்பது பேர். அதில் பெண்கள் நாலே பேர். நாலு பேருக்கும் ஒரே பெஞ்சு.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் எதை எழுதுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். அவள் ஒரு நெசவாளி வீட்டுப் பெண். கணக்கில் புலி. எழுத்து மட்டும் கோழி கிளறினாற்போல இருக்கும்.

தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கம் பெரிய புயல் அடித்து ஊர் ஊராக அழிந்துவிட்டது என்று பேப்பரில் வந்தது. எங்கள் தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அந்தச் செய்தியை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாசித்து முடித்து, "நம்ம பள்ளிக்கூடம் சும்மா இருக்கப் போறதில்லை" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு தெருத்தெருவாகப் போனோம்.

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. பலர் கம்பும் சோளமும்தான் கொடுத்தார்கள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருவர் வத்தல் மிளகாய் இரண்டு மூட்டை கொண்டுவந்து போட்டார். எங்கள் அப்பா வண்டியில் கம்பு ஏற்றிக்கொண்டு வந்தார். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, அவங்க நெல்லு வெளையுத சீமை. கம்பு தின்பாங்களா?" என்று கேட்டார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிச்சவனுக்கு நெல்லென்ன, கம்பென்ன. இத்தன வருசம் அவங்க நெல்லத்தான் நாம தீவாளிக்குத் திங்கோம். இந்த ஒரு வருசம் நம்ம கம்ப அவங்க திங்கட்டும்" என்றார். அந்தப் பதில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவி, கொஞ்ச நாளைக்கு நான் கம்புக்காரர் மகளாகவே இருந்தேன். எனக்கு அதில் பெருமைதான்.

மூட்டைகள் ரயிலில் போயின. மார்கழி பாதியில், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் மூட்டைகளில் சில அவருடைய ஊருக்குப் போயிருந்தன. நன்றி சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு விஷயம் எழுதியிருந்தார். தானியமும் துணியும் பல ஊர்களிலிருந்து வந்துவிட்டன. ஆனால் மார்ச்சில் பரீட்சை எழுத வேண்டிய பதினெட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பாடப் புத்தகம்கூட இல்லை. வீடு போனபோது புத்தகமும் போயிற்று. பள்ளிக்கூடத்துக் கூரை பறந்ததில் அலமாரியில் இருந்தவையும் ஊறிக் கூழாகிவிட்டன. கடைகளில் அந்த வருஷத்துப் புத்தகம் தீர்ந்துவிட்டது. உங்கள் ஊரில் யாரிடமாவது அதிகப்படியாக ஒரு பிரதி இருக்குமா என்று கேட்டிருந்தார்.

இல்லை. அந்த வருஷம்தான் பாடங்கள் மாறிப் புதுப் புத்தகம் வந்திருந்தது. முந்தின வருஷத்துப் புத்தகம் உதவாது. எங்களிடம் ஆளுக்கு ஒன்று. எங்களுக்கும் அதே மார்ச்சில் அதே பரீட்சை.

கடிதத்தை எங்கள் வகுப்பில் வைத்துத்தான் வாசித்தார்கள். அப்போது என் தோழி எழுந்து, "ஸார், பாத்து எழுதிக் குடுத்துரலாம்லா" என்றாள்.

"எதை?"

"புத்தகத்தத்தான் ஸார். நாப்பது பேரு இருக்கோம்."

தலைமையாசிரியர் பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து புத்தகம். நாற்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு இருபது பக்கம் வரும். ஒருவர் தன் இருபது பக்கத்தை நாலு தடவை எழுதினால் நாலு முழுச் செட் ஆகிவிடும். பதினெட்டுப் பேர் நாலு செட்டைப் பங்குபோட்டுப் படித்துக்கொள்ளலாம். பொங்கல் விடுமுறைக்குள் முடித்துவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

தாளுக்கு என்ன செய்வது? கடையநல்லூரிலிருந்து வந்து எங்கள் ஊரில் பேப்பர் கடை வைத்திருந்த ஒரு பாய், விஷயத்தைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "பேப்பர் நான் தாரேன் ஸார். ஆனா எங்கிட்ட இருக்குதது வெள்ளத் தாளு. கோடு நீங்கதான் போட்டுக்கிடணும்" என்றார். மறுநாள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது.

அந்தக் கோட்டை நாங்கள் போடவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் அம்மாமார் வந்து நின்றார்கள். ஒரு தச்சர் அடிக்கோல் ஐம்பது செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். "எங்களுக்கு எழுதத்தான் தெரியாது. கோடு இழுக்கத் தெரியும்" என்று ஒரு அம்மா சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. நடு ஹாலில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பென்சிலை எச்சில் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான தாள்களுக்கு அவர்கள் கோடு போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் போட்ட கோட்டின்மேல்தான் நாங்கள் எழுதினோம். எழுதி முடித்த தாள்களை நெசவாளர் வீட்டுப் பெண்கள் பாவு நூலால் தைத்தார்கள்.

கணக்கு வாத்தியார் ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்புப் பார்க்க வேண்டும். பார்த்தவர் கடைசித் தாளின் மூலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு வந்தது க்ஷேத்திர கணிதம். அதைத்தான் இப்போது வடிவியல் என்கிறார்கள். வட்டமும் தொடுகோடும் வருகிற இருபது பக்கம். எங்களுக்கு அந்தப் பாடம் இன்னும் நடத்தவில்லை. படங்களை எல்லாம் காம்பஸ் வைத்து அழகாகப் போட்டேன். தேற்றத்தின் தலைப்புகளுக்குச் சிவப்பு மை. எல்லோருக்கும் முன்னால் நான்தான் நாலு பிரதியையும் முடித்தேன். என் தோழி ஒப்புப் பார்க்க வந்து உட்கார்ந்தாள்.

"குடு, வாசிக்கேன்" என்றாள்.

"நான் எழுதினதுல நீ என்னட்டி பாக்கப் போற? கையெழுத்த மட்டும் போடு. நேரம் ஆவுது" என்றேன்.

"ஸார் பாக்கச் சொன்னாங்களே."

"எம்மேல நம்பிக்க இல்லியா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, நாலு பிரதியிலும் தன் கோழிக் கையெழுத்தைப் போட்டாள்.

பொங்கலுக்குள் எல்லோராலும் முடிக்க முடியவில்லை; தை மாதக் கடைசியில்தான் பார்சல் போயிற்று. ஸ்டேஷன்வரைக்கும் பள்ளிக்கூடமே கூட நடந்தது.

பத்து நாள் கழித்துக் கணக்கு வாத்தியார் அந்தப் பாடத்தை நடத்த ஆரம்பித்தார். தொடுகோட்டுத் தேற்றத்தின் நிரூபணம். அறுபத்திரண்டாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். என் புத்தகத்தில் அறுபத்தொன்றுக்கு அடுத்த பக்கம் அறுபத்து நாலு. நான் முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தேன். தோழி எட்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் தாள் கனமாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து ஓரத்தில் விட்டுக் கிழித்தாள். அச்சாபீஸில் மடித்த தாள் வெட்டப்படாமல் இரண்டு தாளும் சேர்ந்தே இருந்திருக்கிறது. உள்ளே அறுபத்திரண்டும் அறுபத்து மூன்றும் புத்தம் புதிதாக இருந்தன.

"ஏட்டி, அப்போ அங்க அனுப்பினதுல?" என்று என் காதருகே கேட்டாள்.

முதல் பிரதியைப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். மற்ற மூன்றையும் முதல் பிரதியைப் பார்த்து எழுதினேன். நாலிலும் அந்தப் பக்கங்கள் இல்லை. அந்தப் பாடத்தின் முக்கியமான தேற்றம் நடுவில் அறுந்துபோயிருக்கிறது. பதினெட்டுப் பேர் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அறுந்த இடத்தில் வாக்கியம் முடிந்து, அடுத்த பக்கத்தில் பயிற்சிக் கணக்குத் தொடங்கியதால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் எழுத்துக்களைத்தான் எழுதினேன். கணக்கைப் படிக்கவே இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒரு கவரோடு வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக் கடிதம். பிள்ளைகள் புத்தகங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள் என்றும், மரத்தடியில் வகுப்பு நடக்கிறது என்றும் எழுதியிருந்தது. "குறிப்பாக, க்ஷேத்திர கணிதப் பகுதியை எழுதியவரின் கையெழுத்தை எங்கள் பிள்ளைகள் அச்சென்றே நினைத்தார்கள். அவருக்கு எங்கள் தனிப்பட்ட வணக்கம்" என்று அவர் வாசித்ததும், வகுப்புப் பையன்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். நான் போனேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். கீழே இறங்கி என் இடத்தில் வந்து நின்றேன். தோழி என்னைப் பார்க்கவில்லை. நேராகக் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைப் பீரியடுகளில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு மனம் சொல்லிற்று. அந்தக் கேள்வி பரீட்சையில் வராமலே போகலாம். ஆனால் என்றைக்காவது தெரிந்தால், தாளின் மூலையில் இருப்பது என் பெயரில்லை, அவள் பெயர். ஒப்புப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் என்று அவளைத்தான் சொல்வார்கள். அதை நினைத்ததும் என்னால் உட்கார முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை நான்தான் வற்புறுத்தி வாங்கினேன் என்பதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. என் தோழி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நானும் பாக்காமத்தான் போட்டேன் ஸார். எனக்கும் வாய் இருக்கு, மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "சாப்பிட்டாச்சா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். இல்லை என்றோம். "சாப்பிட்டுட்டு வாங்க. வந்து இங்கனயே உக்காந்து எழுதுங்க. இன்னைக்கே தபால்ல சேரணும்" என்றார்.

அவருடைய மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கத்தையும் நாலு தடவை எழுதினேன். இந்தத் தடவை அவள் எனக்கு அந்தத் தேற்றத்தைச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அவள் வரிக்கு வரி வாசித்து ஒப்புப் பார்த்தாள். இரண்டாவது பிரதியில் ஒரு கோணத்தின் பெயரை மாற்றி எழுதியிருந்தேன். "இந்தா, அச்சு" என்று சொல்லி அதன்மேல் விரலை வைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் அன்று தபால் போகவில்லை. காரணம் நான்தான். காலையில் கைதட்டியவர்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. வகுப்பில் கடைசி பீரியடில் அனுமதி கேட்டு எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். நாலைந்து வாக்கியம்தான் இருக்கும். சொல்லி முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒருவன் மெதுவாக எழுந்தான்.

"ஸார், நானும் ஒப்புப் பாக்கல. சரித்திரத்துல பாதிக்கு மேல தூங்கிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஒருவன் இந்தியா படத்தில் ஒரு நதியை விட்டுவிட்டதாகச் சொன்னான். இன்னொருவன் இங்கிலீஷ் செய்யுளில் கடைசி நாலு வரி தாளில் இடமில்லாததால் எழுதவில்லை என்றான். விஞ்ஞானப் பாடத்தை எழுதியவள், புரியாத ஒரு வார்த்தைக்குப் பதில் புரிந்த வேறொரு வார்த்தையைத் தானாகவே போட்டிருந்தாள். கணக்கு வாத்தியார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ஏலே, நீங்க எழுதினது புத்தகமா, இல்ல புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அன்று சாயங்காலம் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எல்லோரும் அவரவர் பக்கங்களை நினைவுபடுத்தி, புத்தகத்தைப் பார்த்து, சந்தேகமான இடத்தை எல்லாம் மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் என் இரண்டு பக்கத்தோடு சேர்ந்து இருபத்து மூன்று பக்கத் திருத்தம் ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. கூட வைத்த கடிதத்தை நானும் தோழியும் எழுதினோம். வாசகம் அவளுடையது, எழுத்து என்னுடையது. "உங்கள் வணக்கத்துக்கு நான் தகுதியில்லை" என்று ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன்.

ஒரு வாரத்தில் என் பெயருக்கே பதில் வந்தது. எழுதியிருந்தவள் அங்கே பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பெண். எங்கள் வயதுதான். அந்தக் கடிதம் வெகுகாலம் என்னிடம் இருந்தது. வீடு மாறியபோது எங்கோ தவறிவிட்டது. ஆனாலும் அதில் இருந்தது எனக்கு மறக்கவில்லை.

இரண்டு பக்கம் இல்லாததைப் பார்சலைப் பிரித்த அன்றே அவர்கள் பார்த்துவிட்டார்களாம். அவளும் இன்னும் இரண்டு பேரும் அவர்களுடைய வாத்தியாரோடு, பாலம் உடைந்த ரோட்டில் அடுத்த டவுன்வரை நடந்து போய், அங்கே புயலுக்குத் தப்பிய ஒரு புத்தகத்தைப் பார்த்து அந்தத் தேற்றத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நன்றிக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. "இவ்வளவு எழுதி அனுப்பிய உங்களிடம் இரண்டு பக்கம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் இருந்ததைப் பற்றி மட்டும் எழுதினோம்" என்று எழுதியிருந்தாள்.

அந்த இடத்தை நான் மறுபடி மறுபடி வாசித்தேன். வீடு போனவர்கள், புத்தகம் போனவர்கள், நான் விட்டதை நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டு, எனக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறார்கள்.

அதோடு கடிதம் முடியவில்லை. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தது இது: "ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு பக்கம் இல்லை என்று தெரிந்ததிலிருந்து, மற்ற பக்கங்களில் என்னென்ன இல்லையோ என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே படித்தோம். உங்கள் திருத்தங்கள் வந்த பிறகுதான் எல்லாவற்றையும் நம்பிப் படிக்கிறோம். நீங்கள் முதலில் அனுப்பியதைவிட இரண்டாவதாக அனுப்பியதுதான் எங்களுக்குப் பெரிய உதவி."

அதைத் தோழியிடம் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். "நல்ல புள்ளைட்டி. கணக்குல நம்மள முந்திருவா" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச்சில் எல்லோரும் பரீட்சை எழுதினோம். தொடுகோட்டுத் தேற்றம் வந்தது. கேள்வித்தாளில் அதைப் பார்த்ததும் அவ்வளவு தூரத்தில் அந்தப் பெண்ணும் இப்போது இதைத்தான் எழுதிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். ஜூனில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தேறிவிட்டாளாம். நாங்களும்தான்.

பிறகு நான் நர்ஸ் படிப்புக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வேலை. ஒரு தடவை வார்டில் ஒரு நோயாளிக்குக் கொடுக்க வேண்டிய மருந்தைப் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம்கூடத் தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு என்னால் அப்படி ஓட முடிந்ததற்கு என் நல்ல குணம் காரணமில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண் எழுதிய கடிதம்தான் காரணம். நாம் கொடுப்பதில் குறை இருக்கலாம், அதை நாமே வாய்விட்டுச் சொன்னால்தான் மீதியை அவர்கள் பயமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை அவளிடமிருந்து தெரிந்துகொண்டேன்; இந்த வயதிலும் யாருக்காவது ஒன்றைக் கொடுக்கும்போது அதையே நினைத்துக்கொள்கிறேன்.